ஆஸ்பத்திரி வாசலில் யாருக்கு ஜெபம்?

கருக்கலைப்பு கூடாது என்பதற்காக மேல்நாட்டுக் கிறிஸ்தவ பக்தர்கள் ஆஸ்பத்திரி வாசல்களில் நின்று நடத்திவரும் ஜெபக் கிளர்ச்சியைப்பற்றிச் சில வார்த்தைகள் எழுத ஆசைப்படுகிறோம். இது கடல் கடந்த தேசத்துப் பாதிரிமார்களின் சச்சரவு, நமக்கென்ன என்று வாசகர்கள் தள்ளிவிட வேண்டாம். ஒரு பெண்ணின் சரீரம் அவளுக்குச் சொந்தமா, அல்லது அவள் முகத்தையே அதற்குமுன் கண்டிராத நாலு பக்தர்களுக்குச் சொந்தமா என்பதே இதில் அடங்கிய கேள்வி. இக்கேள்வி எந்தத் தேசத்துப் பெண்ணுக்கும் பொதுவானதேயாகும்.

முதலில் நடப்பு இன்னதென்று சொல்லிவிடுகிறோம். 2004-ம் வருஷத்தில் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்திலுள்ள பிரையன் என்னும் ஊரில், பிளான்டு பேரண்ட்ஹுட் ஸ்தாபனத்தார் நடத்திவந்த ஓர் ஆஸ்பத்திரிக்கு வெளியே, 40 நாள் விடாமல் ஜெபம் செய்வதென்று சில பக்தர்கள் தொடங்கினார்கள். "வாழ்வுக்காக 40 நாள்" என்று அதற்குப் பெயரிட்டார்கள். நோவா காலத்தில் மழை பெய்தது 40 நாள், மோசே மலைமேல் இருந்தது 40 நாள், ஏசு வனாந்தரத்தில் பட்டினி கிடந்தது 40 நாள். ஆகவே இதுவும் 40 நாளாம். 2007 முதல் அது பல ஊர்களுக்கும், பிறகு பல தேசங்களுக்கும் பரவிற்று. ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலத்தில் ஒரு தடவையும், இலையுதிர் காலத்தில் ஒரு தடவையுமாக வருஷத்திற்கு இரண்டு தடவை இது நடைபெறுகிறது. சபைகளில் பெயர் கொடுத்த தொண்டர்கள் மணிக்கு இத்தனைபேர் என்று முறை போட்டுக்கொண்டு, ஜெபமாலையும் படங்களும் அட்டைகளும் கையிலேந்தி, ஆஸ்பத்திரி நடைபாதையில் நிற்கிறார்கள். சிலர் மௌனமாய் நிற்பார்கள்; சிலர் உள்ளே போகிற பெண்ணைப் பார்த்து, "அம்மா, உன் பிள்ளையைக் கொல்லாதே" என்று கெஞ்சுவார்கள்; சிலர் கூச்சலும் போடுவார்கள்.

இப்பொழுது நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். இந்த ஜெபம் யாருக்கு?

கடவுளுக்கு என்றால், அவர் எங்கும் நிறைந்தவர், எல்லாம் அறிந்தவர், மனத்தில் நினைப்பதையும் கேட்பவர் என்று சொல்லுகிறவர்கள் இவர்களேதான். அப்படிப்பட்டவருக்கு வீட்டிலிருந்து சொன்னால் கேளாதா? கோவிலுக்குள் இருந்து சொன்னால் எட்டாதா? ஆஸ்பத்திரி வாசலில் இருந்து சொன்னால்தான் கேட்கும் என்றால், அவர் காது அவ்வளவு மந்தமா? அல்லாமலும், இவர்களுடைய வேதபுஸ்தகத்திலேயே, மத்தேயு எழுதிய சுவிசேஷம் 6-வது அதிகாரத்தில், ஜனங்கள் பார்க்கவேண்டுமென்று வீதி முனைகளில் நின்று ஜெபம் செய்கிறவர்களை மாயக்காரர்கள் என்று ஏசு கண்டித்து, ஜெபம் செய்வதானால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு செய் என்று புத்தி சொன்னதாக எழுதியிருக்கிறது. இதை நாம் புதிதாய்க் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் இவர்கள் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கும் புஸ்தகமே சொல்லுகிறது.

ஆகவே வாசலில் நிற்கும் ஜெபம் கடவுளுக்குச் செய்யப்படுவதல்ல. உள்ளே போகும் பெண்ணுக்குச் செய்யப்படுவது. அவள் கண்ணில் படவேண்டும், அவள் காதில் விழவேண்டும், அவள் வெட்கப்பட்டுத் திரும்பிப் போகவேண்டும் என்பதே அதன் கருத்து. ஒருத்தியை வெட்கப்படுத்தித் தன் காரியத்திலிருந்து விலக்கும் முயற்சிக்கு உலகத்தார் வைத்திருக்கும் பெயர் நிர்ப்பந்தம் என்பதேயொழிய, ஜெபம் என்பதல்ல.

நிற்க, அந்தப் பெண் யார்? ஏதோ கேளிக்கைக்கும் உல்லாசத்திற்கும் பிள்ளையைக் கலைக்க வந்தவள் என்பதுபோலப் பிரசாரம் செய்கிறார்கள். கட்மாக்கர் ஆராய்ச்சிக் கழகத்தார் 2014-ல் அமெரிக்காவில் எடுத்த கணக்குப்படி, கருக்கலைப்புக்கு வந்த பெண்களில் 100-க்கு 59 பேர் ஏற்கனவே பிள்ளை பெற்ற தாய்மார்கள். 100-க்கு 75 பேர் தரித்திரர்கள், அல்லது தரித்திரத்திற்குச் சற்று மேலே இருக்கிறவர்கள். 100-க்கு 24 பேர் கத்தோலிக்கர்கள். அதாவது, பிள்ளை என்றால் என்ன, அதை வளர்ப்பதென்றால் என்ன என்று வாசலில் நிற்கும் பக்தர்களைவிட நன்றாய்த் தெரிந்தவர்களே உள்ளே போகிறார்கள். அவர்களில் நாலில் ஒருத்தி, வெளியே உருளும் அதே ஜெபமாலையை வீட்டில் வைத்திருக்கக்கூடியவள். அன்றியும் அந்த ஆஸ்பத்திரிகள் பலவற்றில் கர்ப்பத்தடை மருந்து கொடுப்பதும், புற்றுநோய்ப் பரிசோதனை செய்வதும் நடைபெறுகின்றன. வருகிற பெண் எதற்கு வருகிறாள் என்பதே வாசலில் நிற்பவருக்குத் தெரியாது. தெரியாதிருந்தும் அவளைக் கொலைகாரி என்று நினைக்க இவர்களுக்கு அதிகாரம் கொடுத்தது யார்?

"நாங்கள் வெறுமனே ஜெபம் மாத்திரம் செய்யவில்லை, உதவியும் செய்கிறோம்" என்று சொல்லுவார்கள். உண்மைதான். அமெரிக்காவில் "கர்ப்ப உதவி நிலையம்" என்ற பெயரால் ஏறக்குறைய 2,500 இடங்கள் நடைபெறுகின்றன. கருக்கலைப்புச் செய்யும் ஆஸ்பத்திரிகளைவிட இவை எண்ணிக்கையில் மிக அதிகம். குழந்தைக்குத் துணியும் பால் மாவும் கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும், கொடுக்கிற கையை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் இவற்றில் பல, வைத்தியத்திற்கு லைசென்ஸே இல்லாதவை. லைசென்ஸ் இல்லை என்பதை ஒரு பலகையில் எழுதி மாட்டவேண்டுமென்று கலிபோர்னியா மாகாணம் சட்டம் செய்தபோது, அதையும் எதிர்த்து வழக்காடி, 2018-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தார்கள். உதவி செய்கிறவன் தான் டாக்டர் அல்ல என்று சொல்லிக்கொள்ள ஏன் பயப்படவேண்டும்?

அதிருக்கட்டும். பிரசவித்த பெண்ணுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுக்கவேண்டும் என்று அமெரிக்க தேசம் முழுவதற்கும் ஒரு சட்டம் இன்றுவரை கிடையாது. 1993-ல் செய்த சட்டம் 12 வாரம் லீவு கொடுக்கிறது. அதுவும் சம்பளமில்லாமல், அதுவும் எல்லாத் தொழிலாளருக்குமில்லை. கூலிக்குப் போகிறவள் 12 வாரம் கூலியில்லாமல் எதைத் தின்பாள்? இதற்காக அமெரிக்கப் பார்லிமெண்டு வாசலில் 40 நாள் பட்டினி கிடந்து ஜெபம் செய்யும் இயக்கம் ஏன் ஊருக்கு ஊர் கிளம்பவில்லை? வயிற்றிலிருக்கும்வரை அது கர்த்தர் கொடுத்த ஜீவன். பூமியில் விழுந்தவுடன் அது அவள் பாடு! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

இனி, "இது கடவுள் கட்டளை, கரு உண்டான நிமிஷத்திலிருந்தே அது மனிதன், இது என்றும் மாறாத சத்தியம்" என்கிறார்களே, அதையும் சற்றுப் பார்ப்போம். கத்தோலிக்க மதத்தின் பெரிய சாஸ்திரியாகிய தாமஸ் அக்குவினாஸ், கருவுக்குள் மனித ஆத்மா உடனே வருவதில்லை, பிந்தித்தான் வருகிறது என்று எழுதினார். ஆண் கருவுக்கு 40 நாள், பெண் கருவுக்கு 90 நாள் என்னும் அரிஸ்டாட்டிலின் கணக்கை அக்காலத்துச் சாஸ்திரிகள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆத்மா வருவதில்கூடப் பெண்ணுக்கு 50 நாள் தாமதம்! 1588-ல் ஐந்தாவது சிக்ஸ்துஸ் என்னும் போப்பு, எந்த நாள் கருவானாலும் கலைப்பது கொலையே என்று கட்டளையிட்டார். மூன்றே வருஷங்கழித்து 1591-ல் பதினான்காவது கிரிகோரி என்னும் போப்பு, அந்தத் தண்டனை ஆத்மா வந்த கருவுக்கு மட்டுந்தான் என்று அதைக் குறைத்துவிட்டார். 1869-ல் ஒன்பதாவது பயஸ் என்னும் போப்பு திரும்பவும் அந்த வித்தியாசத்தை எடுத்துவிட்டார். ஒரு போப்பு போட்டதை மற்றொரு போப்பு அழிப்பதும், அழித்ததை இன்னொரு போப்பு போடுவதும் மாறாத சத்தியத்தின் லட்சணமா?

பிராடெஸ்டண்டுகளின் கதை இதைவிட விசேஷம். அமெரிக்காவில் மிகப் பெரிய பிராடெஸ்டண்டு சபையாகிய தெற்கு பாப்டிஸ்டு மகாநாடு, 1971-ல், கற்பழிப்பு, கருவின் கடுமையான அங்கக் கோளாறு, தாயின் சரீரத்திற்கோ மனத்திற்கோ கெடுதி ஆகிய சந்தர்ப்பங்களில் கருக்கலைப்புக்கு இடங்கொடுக்கும் சட்டம் வேண்டுமென்று தீர்மானம் செய்தது. 1974-ல் அதை மறுபடியும் உறுதிப்படுத்தியது. 1980-ல் அதே மகாநாடு அதற்கு விரோதமான தீர்மானம் செய்தது. ஒன்பது வருஷத்திற்குள் வேதபுஸ்தகத்தில் புதிய அதிகாரம் ஏதாவது சேர்ந்ததா? இல்லை. அரசியல் கட்சிகளின் காற்று மாறிற்று. அதற்கேற்பக் கடவுளின் அபிப்பிராயமும் மாறிற்று. பழைய ஏற்பாட்டில் யாத்திராகமம் 21-வது அதிகாரத்தில், சண்டையில் அடிபட்டுக் கர்ப்பிணிக்குக் கர்ப்பம் விழுந்தால் அபராதம் என்றும், அதற்குமேல் சேதம் வந்தால்தான் உயிருக்கு உயிர் என்றும் விதித்திருக்கிறதாகப் பல வேத பண்டிதர்களே வியாக்கியானம் செய்கிறார்கள். ஆகவே இது மனிதர்கள் காலத்துக்குக் காலம் எழுதி அழித்து எழுதிய சட்டமே. அந்த மனிதர்களில் கர்ப்பம் தரித்தவர் ஒருவருமில்லை.

ஜெபத்தால் காரியம் ஆயிற்றா என்பதையும் பார்க்கவேண்டும். பிரையன் ஊர் ஆஸ்பத்திரி 2013-ல் மூடப்பட்டது. எங்கள் ஜெபத்திற்குக் கர்த்தர் செவிசாய்த்தார் என்று பக்தர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் 2011-ல் டெக்ஸாஸ் சட்டசபை குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை வெட்டிவிட்ட சங்கதியைப் பக்தர்கள் சொல்லுவதில்லை. ஏழைப் பெண்களுக்குக் கர்ப்பத்தடை மருந்து கொடுத்துவந்த பணத்தை நிறுத்தியது கர்த்தரல்ல. ஓட்டு வாங்கிய மெம்பர்கள்தான். அதுபோலவே, 1973-ல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட் ரோ வழக்கில் பெண்களுக்குக் கொடுத்த உரிமையை ஒழிக்கவேண்டுமென்று 49 வருஷம் ஊர்வலமும் ஜெபமும் நடத்தினார்கள். 2022 ஜூன் 24-ல் அது ஒழிந்தது எப்படி? ஜனாதிபதி தேர்தலில் ஜெயித்து, வேண்டிய நீதிபதிகளைப் பார்த்து நியமித்து, ஐந்து நீதிபதிகளின் கையெழுத்தை வாங்கித்தான் ஒழிந்தது. சர்வவல்லமையுள்ள கடவுளுக்குச் செனட் சபையில் மெஜாரிட்டி வேண்டியிருந்திருக்கிறது!

அப்படி ஒழித்தும் கருக்கலைப்பு குறைந்ததா என்றால், அதுவுமில்லை. 2023-ல் அமெரிக்காவில் நடந்த கருக்கலைப்பு 10 லட்சத்திற்கு மேல். அதற்கு முந்திய பத்து வருஷங்களில் எந்த வருஷத்தைவிடவும் இது அதிகம். கையில் காசுள்ளவள் அடுத்த மாகாணத்திற்குப் போனாள். சிலர் தபாலில் மாத்திரை தருவித்துக்கொண்டார்கள். அகப்பட்டுக்கொண்டவள் யார்? காசில்லாதவள், சிறுமி, உடம்பு கெட்டுப்போய்க் கிடந்தவள். கலிபோர்னியா சர்வகலாசாலை ஆராய்ச்சிக்காரர்கள் ஏறக்குறைய 1,000 பெண்களை ஐந்து வருஷம் தொடர்ந்து விசாரித்துப் பார்த்ததில், கருக்கலைப்பு மறுக்கப்பட்டவர்களே அதிகமாய்த் தரித்திரத்தில் விழுந்தார்கள் என்றும், கலைத்துக்கொண்டவர்களில் 100-க்கு 95 பேர் தாங்கள் செய்தது சரியே என்று சொன்னார்கள் என்றும் கண்டார்கள்.

ஜெபத்தோடு நில்லாமல் போனவர்களும் உண்டு. 1991-ல் கான்ஸாஸ் மாகாணத்து விச்சிட்டா நகரில் ஆஸ்பத்திரி வாசல்களை மறித்ததில் 2,600-க்கு மேற்பட்ட கைதுகள் நடந்தன. 1993-ல் புளோரிடாவில் டாக்டர் டேவிட் கன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1994-ல் பாஸ்டனை அடுத்த புரூக்லைனில் இரண்டு ஆஸ்பத்திரிகளில் வரவேற்பு வேலை பார்த்த இரண்டு பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2009 மே 31-ல் விச்சிட்டாவின் டாக்டர் ஜார்ஜ் டில்லர் சுட்டுக் கொல்லப்பட்டார். எங்கே? ஞாயிற்றுக்கிழமை, அவருடைய சொந்தக் கிறிஸ்தவக் கோவிலுக்குள்! ஜெபம் செய்யும் தொண்டர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தக் கொலைகளைக் கண்டித்தார்கள் என்பதை மறைக்காமல் சொல்லுகிறோம். ஆனால் தினந்தோறும் "இங்கே கொலை நடக்கிறது, இங்கே கொலை நடக்கிறது" என்று ஒரு வாசலைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தால், கேட்கிறவர்களில் ஒரு வெறியன் துப்பாக்கி எடுக்கமாட்டான் என்பதற்கு ஜாமீன் யார்? டாக்டர் கன் கொலைக்குப் பிறகு 1994-ல் ஆஸ்பத்திரி வழியை மறிப்பது குற்றமென்று அமெரிக்கா சட்டம் செய்தது. அந்தச் சட்டப்படி தண்டிக்கப்பட்ட 23 பேருக்கு 2025 ஜனவரியில் ஜனாதிபதி டிரம்ப் மன்னிப்புக் கொடுத்துவிட்டார்.

இனி, நம் தேசத்தாருக்கு நேரே சம்பந்தமுள்ள ஒரு மரணத்தைச் சொல்லுகிறோம். அயர்லாந்து தேசம் 1983-ல் வயிற்றிலுள்ள கருவுக்கும் தாய்க்கும் சமமான ஜீவ உரிமை என்று தன் அரசியல் சட்டத்திலேயே எழுதிக்கொண்டது. கர்நாடகத்திலிருந்து அங்கே போய் வாழ்ந்த சவிதா ஹாலப்பனவர் என்னும் 31 வயதுப் பல் டாக்டர் அம்மையார், 17 வாரக் கர்ப்பத்தோடு 2012 அக்டோபரில் கால்வே நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். கர்ப்பம் நிலைக்காது என்று தெரிந்துபோயிற்று. அப்படியானால் எடுத்துவிடுங்கள் என்று அம்மையார் கேட்டார். கருவின் இருதயம் துடிக்கும்வரை செய்யமுடியாது என்றார்கள். இது கத்தோலிக்க தேசம் என்றும் சொன்னார்கள். பிழைக்கமாட்டாத கருவின் துடிப்பு நிற்கட்டும் என்று காத்திருந்தார்கள். அதற்குள் அம்மையாரின் இரத்தம் விஷமேறி, அக்டோபர் 28-ல் அவர் உயிர் போயிற்று. அந்த அம்மையார் கத்தோலிக்கருமல்ல, அயர்லாந்துக்காரருமல்ல. தான் நம்பாத மதத்தின் கட்டளைக்குத் தன் உயிரைக் கொடுத்தார். அயர்லாந்து ஜனங்களுக்குப் புத்தி வந்தது. 2018 மே 25-ல் ஓட்டெடுத்தபோது 100-க்கு 66 பேர் அந்த விதியை எடுத்தெறிந்தார்கள். கத்தோலிக்கர்கள் நிறைந்த தேசத்திலேதான் இப்படி நடந்தது என்பதைக் கவனிக்கவேண்டும்.

கடைசியாக, பக்தர்கள் பெரிதாய்ச் சொல்லும் ஆக்ஷேபணைக்கு வருவோம். "மனத்துக்குள் ஜெபம் செய்வதற்கும் தண்டனையா? பேச்சுரிமை, மத உரிமை எங்கே?" என்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 அக்டோபர் 31 முதல் கருக்கலைப்பு ஆஸ்பத்திரிகளைச் சுற்றி 150 மீட்டருக்குள் வருகிறவர்களுக்கு இடைஞ்சல் செய்யக்கூடாதென்று சட்டம் வந்திருக்கிறது. அதே வருஷத்தில் ஸ்காட்லாந்தில் 200 மீட்டர், அயர்லாந்தில் 100 மீட்டர் என்று எல்லை போட்டார்கள். அமெரிக்காவிலோ மஸாச்சுஸெட்ஸ் மாகாணம் போட்ட வெறும் 35 அடி எல்லையைக்கூட 2014-ல் சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது. 2025 பிப்ரவரியில் அமெரிக்க உபஜனாதிபதி வான்ஸ் மியூனிக் நகருக்கு வந்து, மௌனமாய் ஜெபம் செய்தவரை இங்கிலாந்து தண்டித்ததே என்று அழுதார்.

பேச்சுரிமை நமக்கும் உயிர் போன்றதுதான். கருக்கலைப்பு பாவமென்று மேடை போட்டுப் பேசட்டும், பத்திரிகை போட்டு எழுதட்டும், கோவிலில் மணியடித்துச் சொல்லட்டும். அதைத் தடுக்கும் சட்டம் எதையும் நாமும் எதிர்ப்போம். ஆனால் தேசம் முழுவதும் திறந்து கிடக்க, அந்த 150 மீட்டர்தான் வேண்டும், அங்கே இல்லாவிட்டால் எங்கள் ஜெபம் ஜெபமாகாது என்று பிடிவாதம் செய்வானேன்? ஓட்டுச் சாவடிக்குப் பக்கத்தில் நின்று ஓட்டுக் கேட்கக்கூடாதென்று நம் தேசத்தில் விதி இருக்கிறது. அதனால் பேச்சுரிமை செத்துப்போயிற்றென்று யாராவது சொல்லுகிறோமா? பேசுகிறவனுக்கு உரிமை உண்டென்றால், கேட்க விருப்பமில்லாதவளுக்கு நோயோடும் கவலையோடும் டாக்டரிடம் தனியே போகும் உரிமை இல்லையா? மௌனமாய் நின்றாலும் அவளைப் பார்த்து நிற்பதுதானே வேலை? பார்க்காமலிருக்கச் சம்மதமானால், 150 மீட்டர் தள்ளிப்போவதில் நஷ்டமென்ன?

கிறிஸ்தவர் எல்லோரும் இப்படி என்று நாம் சொல்லவரவில்லை. 1967-ல் சட்டம் கடுமையாயிருந்தபோதே, நியூயார்க்கில் ஹோவர்ட் மூடி என்னும் பாப்டிஸ்டு பாதிரியார் வேறு பாதிரிமார்களையும் யூத குருமார்களையும் சேர்த்துக்கொண்டு, கஷ்டத்திலிருக்கும் பெண்களை ஒழுங்கான டாக்டர்களிடம் அனுப்பிவைக்கும் தொண்டு தொடங்கினார். இன்றும் அமெரிக்க ஆஸ்பத்திரி வாசல்களில் வர்ணச் சட்டை போட்ட வேறு தொண்டர்கள், வருகிற பெண்ணோடு பக்கத்துணையாய் நடந்து கதவுவரையில் கொண்டுபோய் விடுகிறார்கள். அவர்கள் அவளை ஒன்றும் கேட்பதில்லை, ஒன்றும் போதிப்பதில்லை. தொண்டு என்றால் நாம் அதைத்தான் தொண்டு என்போம்.

கருக்கலைப்பு குறையவேண்டுமென்று உண்மையிலேயே விரும்புகிறவர்களுக்கு வழி தெரியாமலில்லை. கொலராடோ மாகாணத்தில் 2009 முதல், நெடுநாள் பலன் தரும் கர்ப்பத்தடைச் சாதனங்களை ஏழைப் பெண்களுக்கு இலவசமாகவோ குறைந்த விலைக்கோ கொடுத்துப் பார்த்தார்கள். 2013-க்குள் இருபது வயதுக்குட்பட்ட பெண்களிடையே பிரசவமும் கருக்கலைப்பும் ஒவ்வொன்றும் 100-க்கு 40 அளவில் குறைந்துவிட்டன. எந்த ஜெபத்திற்கும் இப்படி ஒரு கணக்கு காட்ட முடியுமா? ஆனால் 2015-ல் அதற்குச் சர்க்கார் பணம் கொடுக்கும் மசோதாவை அங்குள்ள செனட்டில் கொன்றுவிட்டார்கள். 1968-ல் ஆறாவது பால் என்னும் போப்பு கர்ப்பத்தடையும் பாவமென்று நிருபம் விடுத்தார். அது இன்றும் கத்தோலிக்கச் சட்டம். கர்ப்பம் வராமல் தடுப்பதும் பாவம், வந்ததைக் கலைப்பதும் பாவம், பெற்றபின் லீவும் கூலியும் கேட்பது அவளுடைய சொந்த விஷயம் என்றால், பெண்ணுக்கு மிச்சமிருப்பது என்ன? பிள்ளை பெறும் யந்திரமாய்க் கிடப்பது ஒன்றுதான்.

கருக்கலைப்பு தனக்குப் பிடிக்கவில்லை என்கிற பெண் அதைச் செய்துகொள்ள வேண்டாம். அவளை யாரும் கட்டாயப்படுத்தினால் அவள் பக்கத்திலும் நாம் நிற்போம். ஆனால் பிடித்ததும் பிடிக்காததும் அவளுடைய தீர்ப்பாகவே இருக்கவேண்டும். பத்து மாதம் சுமக்கிறவளும், உயிரைப் பணயம் வைத்துப் பெறுகிறவளும், பிறகு ஆயுள்முழுதும் வளர்க்கிறவளும் அவள்தான். ஆதலால் வேண்டும் வேண்டாம் என்று சொல்லுகிறவளும் அவளாகத்தான் இருக்கமுடியும். கடவுளுக்கு இதில் மாறான அபிப்பிராயம் இருக்குமானால், அதை அவரே நேரில் வந்து அவளிடம் சொல்லிக்கொள்ளட்டும். ஏஜெண்டுகள் வாசலை விட்டு விலகி நிற்பார்களாக.